சிவப்புப் புள்ளி மேல் பூசிய சிமெண்ட்

ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன் நான். வயரின் பிளாஸ்டிக் தோலை உரிப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. என் கடையில் மூன்று தினுசில் தொங்குகிறது. நான் மட்டும் பல்லால் உரிப்பேன். அன்று கிராஞ்சிக்குப் போகும் லாரியை வெளியே நிறுத்திவிட்டு அவசரப்படுத்திய ஒரு வாடிக்கையாளருக்காக அப்படி உரித்தபோது, இடது கடைவாய்ப் பல்லின் பழைய அடைப்பு ஒரு துண்டுப் பல்லோடு பெயர்ந்து வந்தது.

வலது பக்கம் ஒரு பல்லுக்கு ஏற்கெனவே ரூட் கெனால் செய்திருந்தேன். நரம்பை எடுத்த பிறகு அது மெல்லும், அவ்வளவுதான். ஐஸ் கச்சாங்கின் துருவிய ஐஸ் பட்டால்கூடக் கம்மென்று இருக்கும். இடது பக்கமும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தோடு போனவன், வயரை உரித்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, பல் டாக்டரிடம் முறுக்கு கடித்தேன் என்று பொய் சொன்னேன். மகள் வயதுப் பெண். பல்லிடுக்கிலிருந்து பச்சை பிளாஸ்டிக் துணுக்கு ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார்.

“எந்தக் கடை முறுக்கு அங்கிள்?”

மானம் போயிற்று. உண்மையைச் சொன்னேன். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் துணி மாட்டி, சொத்தையைச் சுரண்டிய பிறகு கேமராவில் படம் எடுத்துத் திரையில் காட்டினார். பள்ளத்தின் அடியில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. ஐம்பது வருஷமாக என் வாயில் இருந்த உயிரை அப்போதுதான் பார்க்கிறேன்.

“நரம்பு வெளிய தெரியுது. ரத்தம் நின்னுச்சுன்னா மூடிடலாம். நிக்கலைன்னா ரூட் கெனால்தான்.”

மருந்துப் பஞ்சை வைத்து எடுத்தார். இன்னும் கசிந்தது. டாக்டர், அவருடைய உதவியாளர், நான் மூவரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டோம். பேனா மாதிரி ஒன்றை உள்ளே கொண்டுபோனார்; அதுதான் லேசராம். டிக் டிக்கென்று சத்தம், லேசாகக் கருகல் வாடை. வெல்டிங் வேலைக்குக் கண்ணாடி விற்கிற எனக்கு எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. அசையக் கூடாது என்று அதட்டினார். திரும்பப் படம் காட்டியபோது புள்ளி காய்ந்திருந்தது.

அதன் மேல் வெள்ளையாக எதையோ அப்பினார். சிமெண்ட் என்றார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மரத்த வாயோடு, ஈரத்தில் இறுகுமா என்று உளறினேன். ஈரம் இருந்தால்தான் இறுகும், நீங்கள் கடையில் விற்கும் சிமெண்டுக்கு இது தூரத்துச் சொந்தம் என்றார். நாற்காலியிலிருந்து இறங்கும்போது எனக்குத் தாங்க முடியாத பெருமை.

ஆனால் உள்ளே உயிர் பிழைத்ததா என்பது அன்று தெரியாது. இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். அதுவரை நானாகக் குளிர்ந்த தண்ணீரை அந்தப் பக்கம் ஒதுக்கிப் பார்க்கக்கூடத் துணியவில்லை. வயரையும் வாய்ப் பக்கம் கொண்டுபோகவில்லை.

மறுபடி போன அன்று, குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைத்தார். குளிர் தெரிந்தால் நான் கையைத் தூக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. என் கை மடியில் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது சுருக்கென்றது. கை தானாக உயர்ந்தது. பஞ்சை எடுத்ததும் வலியும் போய்விட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும், நல்லா இருக்கு என்றார்.

“இன்னொரு தரம் வச்சுப் பாருங்க டாக்டர்,” என்றேன்.