பெண்டிரைவில் வந்த மறியல் படம்

காசில்லாமல் படம் எடுப்பவனுக்குக் கமெராவை விட நாக்குத்தான் முக்கியம். எல்லாவற்றையும் இரவல் கேட்டே வாங்க வேண்டும். இந்தக் கூத்தில் விழுந்தெழும்பியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கல்முனையில் நாங்கள் எடுத்தது மறியலுக்குள், அதாவது ஜெயிலுக்குள் நடக்கும் ஒரு கராத்தே சிரிப்புப் படம். கதாநாயகன் எங்களூர்க் கராத்தே மாஸ்டர் நவ்பர். அவருக்கு நிந்தவூரில் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். சம்பளம் கேட்காத மனுசன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பொண் வீட்டார் பாப்பாங்க காக்கா. என்னக் கேவலமாக் காட்டிராதீங்க."

ஒரு உதை

நெல் மில்லின் களஞ்சியம்தான் எங்கள் மறியல். கம்பிக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய்களுக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து நட்டிருந்தோம். மாஸ்டர் கோபத்தில் கம்பியை உதைத்துவிட்டுக் கால் வலியில் துள்ள வேண்டும். உதைத்தார், மறியல் முழுவதும் சரிந்து விழுந்தது. கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு உதைக்கு விழுற மறியலுக்குள்ள இந்த மனிசன் ஏன் தம்பி ரெண்டு வருசமாக் கிடக்காரு?"

கிடாரம்

பெரிய சண்டை மறியல் சமையலறையில். கலியாணச் சோறாக்கும், அண்டா போலப் பெரிய கிடாரம் ஒன்றைச் சமையல்காரர் ஒருவர் இரவல் தந்தார், கழுவித் தர வேண்டும் என்ற பேச்சோடு. அடியில் சோறு கருகிப் பிடித்திருந்தது. சண்டை நடுவே மாஸ்டர் வழுக்கி அதற்குள் விழுந்துவிட்டார். கதையில் இல்லாத விழுகை. ஆனால் எல்லோரும் சிரித்த சிரிப்பில் அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. மாஸ்டரின் முகம் சுருங்கிப் போனது. பாவம், அதற்குள்ளேயே குந்தியிருந்து தும்பாலும் சாம்பலாலும் அவர் தேய்தேய் என்று தேய்த்ததையும் கமெராக்காரர் விடாமல் பிடித்தார். தேய்க்க வைத்தது, கிடாரத்துக்குக் காவலாகப் பக்கத்தில் நின்ற சமையல்காரரின் வாய்தான்.

"உள்ளுக்குத்தானே இரிக்கீங்க மாஸ்டர், அப்படியே கழுவிட்டு எழும்புங்க."

வீடுவீடாக வெளியீடு

தியேட்டர் எங்களுக்கு எட்டாது. படத்தைப் பெண்டிரைவுகளில் ஏற்றிப் பெருநாளோடு வீடுவீடாக வாடகைக்குக் கொடுத்தோம். டீவியில் குத்திப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ஒன்று திரும்பி வந்தது, உள்ளே எங்கள் படம் இல்லை. கொடுத்த வீட்டு உம்மாவிடம் போய்க் கேட்டேன். அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"இடம் காணல்ல மகன். ஒங்கட படத்த அழிச்சிட்டு மகள்ட கலியாண வீடியோவப் போட்டிரிக்கன். நீங்களும் பாருங்க, நல்லா இரிக்கி."

நிந்தவூர் வீடு

எங்களுக்குத் தெரியாமலே ஒரு பெண்டிரைவ் கைமாறிப் பெண் வீட்டுக்குப் போய்விட்டது. அதன் பிறகு அங்கிருந்து பேச்சு மூச்சில்லை. மாஸ்டர் வகுப்புக்கும் போகாமல் படுத்துவிட்டார். பெண்டிரைவை வாங்கும் சாட்டில் நான் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் மாஸ்டர் தெருமுனையில் நின்றார். பெண்ணின் உம்மா தேத்தண்ணி வைத்தார்.

"தம்பி, அடிபிடியெல்லாம் இரிக்கட்டும். அந்தக் கிடாரத்தக் கழுவினது அவருதானா, வேற ஆளப் போட்டு எடுத்ததா?"

"வல்லாஹி, அவருதான் மாமி!"

கதவுத் திரைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப சரி. கலியாணம் முடிச்சா எங்கட வீட்டுலதானே இரிக்கப் போறாரு."

ஆக, எங்கள் படத்தில் தேறிய ஒரே காட்சி, நான் எழுதாமல் சமையல்காரர் இயக்கியதுதான்.