ஒருநேரச் சோறு

அன்று கோவிலில் இருந்தவர்கள்:

பூசாரி அண்ணை. தையல் மெசின் வைத்திருந்த அக்கா. என் மச்சாள், என் மனிசனின் தங்கச்சி. பேக்கரிக்காரரின் மனைவி. மூதூர்ப் பக்கத்தில் இருந்து ஓடிவந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி. நான். வேலிக்கு வெளியே காவல் சென்றியில் ஆமிக்காரர் இரண்டு பேர். உள்ளே அம்மன்.

வெள்ளிக்கிழமை. உச்சி வெயில். பின்னேரப் பூசையை அந்த நாட்களில் மத்தியானத்துக்கு மாற்றியிருந்தார்கள். பொழுது பட்டால் எங்கள் ஊரில் ஒருவரும் வெளியே வருவதில்லை.

எங்கள் ஊர் உப்புவெளிக்கு வடக்கே, கடலோடு இருக்கிறது. ஒரு விடியற்காலை ஆமி கரையைச் சுற்றி வளைத்தது. கரைவலை இழுக்கப் போன ஆம்பிளைகளை மணலில் இருத்தினார்கள். ஆள் காட்டுவதற்குச் சாக்கால் முகம் மூடிய ஒருவனைக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் முன்னால் நிறுத்தினார்கள். அவன் என் மனிசனுக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினான். அவ்வளவுதான். ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் உடுத்திருந்த சாரம் நனைந்திருந்தது. மாற்றுச் சாரத்தோடு ஓடினேன். கொடுக்க விடவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் வந்தது. அழுகை வரவில்லை. பயம் மட்டும். நாய் குரைத்தால் விளக்கை அணைப்பேன். வாகனச் சத்தம் கேட்டால் எழும்பி அலுமாரிக்குப் பின்னால் போய் நிற்பேன். ஏன் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது. சத்தம் போய்க் கனநேரமான பிறகும் அங்கேயே நிற்பேன். படுத்தால் நெஞ்சு வள்ளத்து மெசின் மாதிரி அடிக்கும்.

மச்சாள் என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை, சீனி வருத்தம் என்றார்கள். காலையில் போடக் குளிசை தந்தார்கள்.

பயத்துக்கு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கவில்லை. அதற்குத் தையல் அக்காதான் வழி பார்த்தா. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் சேர்ந்து பாட வேண்டும் என்று பூசாரி அண்ணையிடம் போய்க் கேட்டா. கூட்டம் கூடினால் ஆமி கேள்வி கேட்கும் என்று அவர் தயங்கினார். அக்கா விடவில்லை.

“பொம்பிளையள் தனித்தனிய வீட்டுக்குள்ள கிடந்து விசர் பிடிக்கப் போறம், அண்ணை. பிடிக்கிறதெண்டா அம்மனுக்கு முன்னால இருந்து பிடிக்கட்டும்.”

அப்படித் தொடங்கியது. பாட்டுக்கு முதல் அக்கா ஒவ்வொருவரையும் கேட்பா. நித்திரை கொண்டியோ. குளிச்சியோ. என்ன சாப்பிட்டாய். சீப்பால் தலை இழுக்காமல் வந்தவளைப் பிடித்து இருத்தி, எண்ணெய் வைத்து இழுத்துவிடுவா. சாமியிடம் வருகிறவள் தன் உடம்பையும் துடைத்து வைத்திருக்க வேண்டும், அதுவும் அம்மன் தந்த கோவில்தான் என்பா. இரவில் நித்திரை கொள்ளாமல் வந்தவளை மண்டபத்துச் சீமெந்தில் பாய் போட்டுப் படுக்க வைப்பா. மற்றவர்கள் சுற்றி இருந்து பாடுவோம். பாட்டு நின்றால் படுத்தவள் விழித்துவிடுவாள். அதனால் நிறுத்தமாட்டோம்.

அவரைக் கொண்டுபோன பிறகு நான் முதல் முதல் கண்ணை மூடியது அந்தச் சீமெந்தில்தான். மச்சாள் பிறகு சொன்னாள், “நீங்கள் படுத்ததுதான் நல்லது, மச்சாள். நீங்கள் பாடினா அம்மன் காதைப் பொத்துவா.”

அந்த ஆறுதலில்தான் அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். அவர் வீட்டுக்கு வரும்வரை ஒருநேரச் சாப்பாடு. பொழுது பட்ட பிறகு மட்டும். யாரும் மறிக்கவில்லை. அந்த நாட்களில் அப்படி ஏதோ ஒரு விரதம் பிடிக்காத பெண் ஊரில் இல்லை. சீனி வருத்தக்காரிக்குச் சாப்பாடு குறைந்தால் நல்லதுதானே என்று மச்சாளும் சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சோற்றை விட்டேன். காலைக் குளிசையை விடவில்லை. ஆஸ்பத்திரி சொன்னதையும் செய்தேன், அம்மனுக்குச் சொன்னதையும் செய்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பாட்டின் நடுவில் எனக்கு வேர்த்தது. கை நடுங்கியது. வாய்ச் சொண்டு மரத்தது. பயம் வந்தால் எனக்கு இப்படித்தான். ட்ரக் வருகிறதோ என்று றோட்டைப் பார்த்தேன். றோட்டில் ஒன்றும் இல்லை. கர்ப்பூரம் இரண்டாகத் தெரிந்தது. பாட்டு தூரத்தில் போனது.

இதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. மச்சாள் சொன்னதை எழுதுகிறேன்.

நான் எழும்பி நின்றேனாம். கொண்டை அவிழ்ந்து போனது. முன்னும் பின்னும் ஆடினேன். என்னைப் பிடிக்க வந்த பேக்கரிக்காரரின் மனைவியைத் தள்ளினேன். அவ நல்ல உடம்புக்காரி. என்னால் தள்ள ஏலாத ஆள். அவ விழுந்து எழும்பி, பிறகு தானாகவே என் காலில் விழுந்தா.

“உரு வந்திட்டுது,” என்றா.

எங்கள் அம்மன் கோவில்களில் உரு வருவது புதினம் இல்லை. தெய்வம் ஏறினவளிடம் சனம் தன் குறையைக் கேட்கும். அவள் வாயால் வருவது அம்மன் சொல். பூசாரி அண்ணை வேப்பிலையை என் கையில் வைத்தார். உடுக்கை எடுத்து அடித்தார். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்தாள். அவளுடைய மனிசனை இறங்குதுறையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

“தாயே, என்ர மனிசன் எங்க? உயிரோட இருக்கிறாரோ? வருவாரோ?”

நான் வேப்பிலையைக் கசக்கிக்கொண்டு, “வருவான்” என்றேனாம்.

அவள் கத்தி அழுதாள். உடுக்குச் சத்தமும் அழுகையும் கேட்டு, சென்றியில் இருந்த ஒருவன் துவக்கோடு வாசலுக்கு வந்து “மொகத? மொகத?” என்று சிங்களத்தில், என்ன என்று கேட்டான். பூசாரி அண்ணை உடுக்கை அடித்துக்கொண்டே நின்றார். அந்த வாசலில் ஆமி வந்து நின்றதே அதுதான் முதல் தரம்.

தையல் அக்கா மட்டும் காலில் விழவில்லை. என் கழுத்தில் கை வைத்துப் பார்த்தா.

“உடுக்கை நிப்பாட்டுங்கோ, அண்ணை. உரு வந்த உடம்பு சுடும். இது மீன் மாதிரிக் குளிர்ந்து கிடக்கு. வெறும் வயித்தில குளிசை போட்டுச் சீனி இறங்கிட்டுது. எங்கட வீட்டு மனிசனுக்கும் இப்பிடித்தான் வாறது. இனிப்புக் குடுக்காட்டி செத்துப்போவாள்.”

பிள்ளைத்தாய்ச்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தொடாதேங்கோ, அக்கா! அம்மன் கதைக்கிறா. இன்னும் ஒண்டு கேக்க வேணும். ஒண்டே ஒண்டு.”

“விடு பிள்ளை. ஆள் போகப் போகுது.”

“எந்த ஆமிக் காம்ப் எண்டு மட்டும் கேக்கிறன், அக்கா. கும்பிட்டன். எந்தக் காம்ப் எண்டு மட்டும்.”

நான் அதற்குள் முழங்காலில் விழுந்துவிட்டேன். வாய் ஒரு பக்கம் இழுத்தது. பூசைக்குக் கரைத்த பானக்கம் குடத்தோடு அம்மனுக்கு முன்னால் இருந்தது. சர்க்கரையும் தேசிக்காயும் போட்டது. அக்கா அதைக் காட்டினா.

“அதைத் தாங்கோ, அண்ணை.”

“இன்னும் படைக்கேல்லை, பிள்ளை.”

“படைச்சு முடிய இவளை எரிச்சுக் காடாத்த வேண்டியதுதான்.”

பூசாரி அண்ணை உடுக்கைப் பிடித்தபடி நின்றார். அவர் அவசரப்படாத மனிசர். மச்சாளுக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்ததாம். வாசலில் துவக்கோடு ஒருத்தன், நிலத்தில் நான், அவர் யோசித்துக்கொண்டு நிற்கிறார். பிறகு உடுக்கைக் கீழே வைத்தார். குடத்தைத் தூக்கினார்.

“அம்மனெண்டாலும் பானக்கம் குடிக்கிறவதானே. இவளெண்டாலும் குடிக்கட்டும். ஆர் குடிச்சாலும் எனக்குக் குற்றமில்லை.” பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்தார். “கையை விடு, பிள்ளை. தாகத்தோட நிக்கிறவளிட்ட கேள்வி கேக்கக் கூடாது.”

அவள் விட்டாள்.

வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். முதல் ஊற்றினது வெளியே வந்தது. பிறகு விழுங்கினேன்.

நினைவு திரும்பி நான் முதலில் கண்டது சப்பாத்துக் கால். கோவில் வாசலில் ஆமிச் சப்பாத்து. என்னையும் கொண்டுபோக வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். குழறிக் கத்தினேன். மச்சாள் வாயைப் பொத்தினாள்.

“சத்தம் போடாதேங்கோ. அவன் ஒண்டும் செய்யேல்லை. துவக்கைத் தோளில கொழுவிப்போட்டு உங்களைக் கும்பிட்டுக்கொண்டு நிண்டவன்.”

நான் நம்பவில்லை. அவன் சென்றிக்குத் திரும்பிப் போகும்வரை கண்ணை எடுக்கவில்லை.

சீலை வேர்வையில் தோய்ந்திருந்தது. நடந்ததைச் சொன்னார்கள். பிள்ளைத்தாய்ச்சி தூணோடு சாய்ந்து இருந்தாள்.

“அப்ப வருவான் எண்டு சொன்னது ஆர், அக்கா?” என்று என்னைக் கேட்டாள்.

“தெரியாது, பிள்ளை.”

முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பூசாரி அண்ணை அவசரமாகப் பொங்கலைப் படைத்து மணியை அடித்தார். தையல் அக்கா வாழை இலையில் பொங்கலை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தா.

“சாப்பிடு. பானக்கம் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். குளிசை இன்னும் உடம்புக்குள்ள நிக்கிது.”

“ஏலாது, அக்கா. பொழுது படேல்லை.”

“பொழுது படேக்க நீ இருக்க மாட்டாய்.”

ஏலாது என்றேன். சாவதற்கு நான் பயப்படவில்லை. இலையில் இருந்த சோற்றுக்குத்தான் பயந்தேன். இத்தனை நாளும் அவரை உள்ளே அடிக்காமல் வைத்திருந்தது என் பசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு வாய் விழுங்குகிற அதே நேரம் அங்கே ஒரு கதவு திறக்கும். ஆரோ அவருடைய பெயரைக் கூப்பிடுவான். இதை அவர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் நடந்துவிடும் என்று பயம்.

மச்சாள் அழத் தொடங்கினாள். “அண்ணன் வந்து உங்களைக் கேட்டா நான் என்ன சொல்ல? அம்மனிட்டக் குடுத்திட்டம் எண்டோ?”

தையல் அக்கா இலையை எனக்குக் கிட்டத் தள்ளினா. பிறகு, “நேர்த்தியை விடச் சொல்லேல்லை. எங்களிட்டத் தா. நாங்கள் பிடிக்கிறம்,” என்றா. “திங்களும் வியாழனும் நான்.”

“என்ர தமையன். செவ்வாயும் சனியும் என்ர,” என்றாள் மச்சாள்.

“ஞாயிறும் புதனும் நான் கிடக்கிறன்,” என்றா பேக்கரிக்காரரின் மனைவி. “நான் பட்டினி கிடந்தா ஊருக்குப் பாண் மிஞ்சும்.”

ஆரோ சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம்.

அப்படி மாற்றலாமோ என்று பூசாரி அண்ணையைக் கேட்டேன். அவர் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“வீட்டில ஒருத்தருக்கு ஏலாட்டி மற்றவை பிடிக்கிறேல்லையோ. இது அம்மன்ர வீடு.”

“வெள்ளிக்கிழமைக்கு ஆளில்லை. நான் பிடிக்கிறன்.” பிள்ளைத்தாய்ச்சி. முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

“வாயை மூடு. நீ ரெண்டு பேருக்குச் சாப்பிட வேணும்,” என்றா அக்கா. “வெள்ளி அண்ணை பிடிப்பார்.”

பூசாரி அண்ணை தலையை ஆட்டினார். அந்த ஆட்டலைப் பார்க்க எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்த நாட்களில் ஆர் தலையாட்டினாலும் அப்படித்தான்.

பிள்ளைத்தாய்ச்சி எழும்பிப் போய்க் கை கழுவினாள். வந்து எனக்கு முன்னால் சப்பணம் கட்டி இருந்தாள். அவளுடைய வயிறு என் முழங்காலில் முட்டியது. பொங்கலைப் பிசைந்து உருட்டினாள்.

“அப்ப நான் தீத்திவிடுறன். வாயைத் திறவுங்கோ.”

என் மனிசன் மாரி மழை முடிந்த பிறகு வந்தார். ஒரு காது கேட்காது. அவளுடைய மனிசன் வரவேயில்லை. அன்றைக்கு இரண்டும் எங்களுக்குத் தெரியாது.

முதல் உருண்டையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் என் தொண்டையையே பார்த்தாள். விழுங்கினேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். கடல் சத்தம் மட்டும்தான். அடுத்தது. பிறகு அடுத்தது. இடையில் றோட்டில் ஒரு வாகனம் வந்தது. எல்லோரும் அசையாமல் இருந்தோம். அவளுடைய கை சோற்றோடு என் வாய்க்குக் கிட்ட நின்றது. வாகனம் நிலாவெளிப் பக்கம் போய்விட்டது. கை மேலே வந்தது. அதையும் விழுங்கினேன்.

போதும் என்றேன். அவள் இலையை மடித்தாள்.

“எத்தினை வாய் சாப்பிட்டவ?” என்று தையல் அக்கா அவளைக் கேட்டா.

“பதினொண்டு.”