ராஜா வீட்டு அடுப்பு

மலைக்கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்த ஒருவர், மனைவி மக்களோடு நேரே அத்தையின் சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். கரி படிந்த மூலையைக் காட்டி, "பாத்துக்குங்க பிள்ளைங்களா, இதுதான் ராஜா காலத்து அடுப்பு" என்று விளக்கவும் ஆரம்பித்துவிட்டார். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார். பிள்ளைகள் முன்னால் தகப்பன் முகம் வாடக் கூடாதே! "ஆமாங்க, இன்னும் சூடுகூட ஆறலை" என்று சொல்லி, எல்லோருக்கும் டீ கொடுத்து அனுப்பினார்.

கோட்டை மதிலையே பின்சுவராக வைத்துக் கட்டிய வீடு அது. வாசல் வளைவும் கோட்டை வாசல் மாதிரியே இருக்கும். வழி தவறி வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. தெருவில் அத்தைக்கு 'மகாராணி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மருமகளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், ஈரத் தலையில் துண்டோடு வந்து நின்றவளை ஒரு கூட்டமே போட்டோ எடுத்துவிட்டது.

"அத்தை, இது வீடா, மியூசியமா? கதவைச் சாத்துங்க. இல்லேன்னா நாங்க அடிவாரத்துல வேற வீடு பாத்துக்கறோம்."

"ஆண்டவன் யாரை எந்த ரூபத்துல அனுப்பறானோம்மா" என்று முனகினாலும், அத்தை எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டார். மகனும் மருமகளும் போய்விட்டால் அப்புறம் வீடு எதற்கு?

அதன்பின் வீடே ஊமையாகிவிட்டது. வாய் ஓயாத அத்தை பாத்திரத்தோடு பேச ஆரம்பித்தார். மருமகளோ தையல்காரி, இருட்டில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வெளிச்சத்துக்கென்று ஒருநாள் அவளே கதவைத் திறந்து மெஷினைப் போட்டாள்.

உடனே ஒரு அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தார். "ராணிக்குத் துணி தைச்ச ரூம் இதுதானா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார் என்று மருமகளுக்குப் புரிந்தது. கடிந்துகொள்ளத் திறந்த வாய், வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"ஆமாங்க. அளவு எடுக்கலாம்னா, ராணி இன்னும் எழுந்திருக்கலை."

"எழுந்தாச்சு, எழுந்தாச்சு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அன்றிலிருந்து அந்தத் தாழ்ப்பாளுக்கு வேலையில்லை.

பல வருஷம் கழித்து அத்தை படுத்துவிட்டார். ஆம்புலன்ஸ் அந்தச் செங்குத்துத் தெருவில் ஏறாது. அக்கம்பக்கத்தார் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். "பல்லக்கு வந்திடுச்சு பாத்தியா" என்று சிரித்தார். வாசல் வளைவைத் தாண்டும்போது மருமகளின் கையைப் பிடித்தார். அவர் வீடு திரும்பவில்லை. அப்போது சொன்னதுதான் கடைசி.

"கதவைச் சாத்திடாதம்மா. ராஜா வந்தா உக்காரவச்சு டீ குடு. ராணி இப்ப வந்துடுவான்னு சொல்லு."