அளவுகோலில் பன்னிரண்டு

எங்காதின் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கும் மத்லைனா, பத்தொன்பது வருடமாகக் காலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் பின்னால் நட்ட அளவுகோலில் புதுப்பனியைப் பார்த்து ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் காப்பி போடுவாள். பனி சரிந்து விழும் மலைச்சரிவுக்கு அடியிலுள்ள மேல்தொழுவத்துக்கு யாரும் போகலாமா கூடாதா என்பது அவள் வாயில்தான் இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில் அளவுகோல் பன்னிரண்டு சென்டிமீட்டர் காட்டியது. "போகலாம்" என்றாள். இரவுக்காற்று மலைமுதுகுப் பனியை வாரிச் சரிவில் குவித்ததை அவள் யோசிக்கவில்லை. அவள் சொல்லை நம்பிப் போன கணவன் ஆந்த்ரியை மத்தியானம் பனியிலிருந்து தோண்டி எடுத்தார்கள்.

இன்றும் பன்னிரண்டு. இரவெல்லாம் காற்று.

இப்போது அவள் அளவுகோலோடு நிற்பதில்லை. தேவாலயத்துக்குப் பின்னால், அந்தச் சரிவு பார்க்கும் அதே திசை பார்த்த மேட்டில் பனியைத் தூண்போல வெட்டி, மேலே மண்வாரியை வைத்துக் கையால் தட்டினாள். மூன்றாவது தட்டிலேயே மேல்பாதி வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் சர்க்கரைபோல உதிரும் பனி; மேலே இருப்பதைப் பிடித்து நிறுத்தாது.

அவள் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் கொழுந்தன் பால்ட்சர் வாளியோடு நின்றான்.

"பன்னிரண்டுதானே அண்ணி? கிளம்பறேன். மேல்தொழுவத்துல நெரினா இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போட்டுரும்."

"போகக் கூடாது."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. ஒரு பிடி பனி இறங்கலை. மத்லைனா தும்மினாக்கூடப் பாதையை மூடிருவான்னு ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். ஜலதோஷம் பிடிச்சா ஊரையே மூடுவேன்."

அவனும் சிரித்தான். பிறகு, "அண்ணனுக்கும் இப்படி அடிச்சுச் சொல்லியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டான்.

"சொல்லலையே. நீயும் போயிட்டா உன் பெண்டாட்டி முகத்துல நான் எப்படி முழிக்கறது?"

பால்ட்சர் வாளியை வைத்துவிட்டு அடுக்களையில் வந்து உட்கார்ந்தான்.

பகலெல்லாம் மேலேயிருந்து கறக்காத மாடுகளின் கதறல் இறங்கி வந்தது. உருளைக்கிழங்கு உரித்தபடி மத்லைனா சரிவையே பார்த்தாள். பனி சரிந்து வரக்கூடாது என்று நினைத்தாள். வந்துதொலைத்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

பொழுது சாய்ந்தது. சரிவு அசையவில்லை.

"ஒண்ணும் வரலையே அண்ணி."

"வரலை."

"நாளைக்கு?"

"ஏழு மணிக்குச் சொல்றேன்."

மாடுகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. கன்று போட வேண்டிய நெரினாவின் குரல் மட்டும் மத்தியானத்திலிருந்து கேட்கவில்லை.