சேஃப்டி வால்வும் ஒரு கடிதமும்

அச்சரப்பாக்கம் அருகே ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்குப் பாதுகாப்புச் சோதனைக்காகப் போயிருந்தேன். ரசாயனத்தைச் சூடாக்கும் மூடிய கலனில் இருந்த சேஃப்டி வால்வு மிகச் சிறியது. உள்ளே அழுத்தம் எகிறினால் ஆவி வேகமாக வெளியேற அது போதாது. பாதுகாப்புத் தரங்களைச் சொல்லும் ஸ்டாண்டர்டு புத்தகத்தின்படி பெரிய வால்வு வேண்டும் என்று கணக்குப் போட்டு மேனேஜரிடம் காட்டினேன்.

அவர் தாளைத் தொடவே இல்லை. "சார், நீங்க சொல்ற ஸ்டாண்டர்டு புக்கு சட்டமா? இல்லன்னா இன்னாத்துக்கு மாத்தணும்?"

இருபது வருடமாக எல்லா ஊரிலும் கேட்கிற கேள்விதான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"புக்கு தானா சட்டமாகாது சார். ஆனா கலனைப் பாதுகாப்பா வெச்சிருக்கணும்னு சட்டம் இருக்கு. வெடிச்சா, புக்குல போட்டிருந்தும் ஏன் செய்யலன்னுதான் கோர்ட்டுல கேப்பாங்க."

"அப்போ கட்டாயம் இல்லதான?"

அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. "தெரிஞ்சும் மாத்தலன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. ரிப்போர்ட்டோட வெச்சிடறேன்" என்றேன்.

மேனேஜர் பேனாவை எடுத்தார். கலனை இயக்கும் ஆபரேட்டர் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் கலன்கிட்ட நாள் பூரா நான்தான நின்னுகினு கீறேன்" என்றார்.

மேனேஜர் எழுதவில்லை. அடுத்த மாதம் நான் போனபோது பெரிய வால்வு பொருத்தியிருந்தார்கள். சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். ஜெயித்ததாகவெல்லாம் தோன்றவில்லை. செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் தூங்கிப்போனேன்.