ஒட்டகத்தின் மேல் ஒரு நாள்

வெளிநாட்டு வேலைக்கான விசாவுக்குப் போட்டோ எடுக்க இன்று சின்ன காஞ்சிபுரம் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

எனக்கு முன்னால் ஓர் அக்கா. அல்ஜீரியாவுக்குக் கட்டட வேலைக்குப் போன கணவர் அங்கேயே இறந்துவிட்டாராம். பதினாறாம் நாளுக்கு மாலை போடப் படம் வேண்டும்.

போனில் இருந்த படத்தில் அவர் நீலத் தலைப்பாகையோடு ஒட்டகத்தின் மேல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தலப்பாவ எடுத்துட்டு கோட்டு போட்டுடலாம்மா. ஒட்டகமும் வேணாம்," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"எதையும் எடுக்காதப்பா. கூட வேல செஞ்ச அந்த ஊரு பெர்பர் இனத்துக்காரரு தன் கையால கட்டிவுட்ட தலப்பா அது. நாலு வருசத்துல அந்த ஒரு நாள்தான் ஊரச் சுத்திப் பாத்தாரு."

"சொந்தக்காரங்க சிரிப்பாங்களேம்மா?"

"சிரிக்கட்டும். அவரும் சிரிச்சிக்கினுதான இருக்குறாரு?"

அடுத்து நான் உட்கார்ந்தேன். "விசா போட்டோல சிரிக்கக் கூடாது சார்," என்றார்.

சொல்லியிருக்கவே வேண்டாம்.

அங்கே போய்ச் சிரிக்க ஒரு நாளாவது லீவு தருவார்களா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.