அம்மா சாய்ந்த சுவர்

சங்கரலிங்கம் அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸியை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லும்மா என்றேன். ஒரு தடவை சொல்வதே அந்தப் பெண்ணுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். என் புத்தி அப்படி.

நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் இருந்தவர்களுக்கு அவர் கறாரான ஃபோர்மேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த எனக்கு அவர் ஒரு ஸ்டீரியோ பைத்தியம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் தானே செய்தார். எல்லாம் ஒரே ஒரு கேசட்டுக்காக. திருநெல்வேலிப் பக்கம் தவில் வாசித்த அவர் தம்பி முத்தையா மஞ்சள் காமாலையில் போய்விட்டான். ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் பதிந்த அந்த வாசிப்புதான் மிச்சம்.

ஊரிலிருந்து வந்த தன் அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினார். "மாவு மில்லு ஓடுத மாதிரில்லா இருக்கு. இது முத்தையா இல்ல" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. சின்ன முன்னறை, வெறும் சிமெண்ட் சுவர். தவிலில் குச்சியால் அடிக்கும் பக்கத்தின் கனத்த ஒலி கும்மென்று அறையில் தேங்கியது. ஓர் அடி அடங்குமுன் அடுத்த அடி வந்து அதன்மேல் விழுந்தது. அண்ணன் முதலில் ஆம்ப்ளிஃபயரைத்தான் பிரித்துப் போட்டார். சத்தம் வந்தால் மெஷினைப் பிரிப்பது எங்கள் மைன்ஸ் பழக்கம். பிறகுதான் அறையைச் சந்தேகப்பட்டார். பெட்டிகளை மூலையிலிருந்து இழுத்தார், அங்கே இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினார். ஒரு மாதத்தில், அவருடைய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்டது.

பொங்கலுக்கு அம்மா மறுபடி வந்தார். பின்சுவரில் சாய்ந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டார். இதுவும் அவன் இல்லை என்றுவிட்டார். அண்ணன் முகம் செத்துப்போயிற்று. வயசாகிவிட்டது, காது போயிருக்கும் என்று நான்தான் சொன்னேன். அம்மா குளிக்கப் போனதும் அண்ணன் அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார். மாவு மில் அங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அம்மாவ நாற்காலில குந்த வைங்கண்ணே, வேல முடிஞ்சிது" என்றேன்.

"அவ நாற்காலில உக்காந்து நான் பாத்ததில்ல. அவ இருக்குத எடத்துக்குத்தான் முத்தையா வரணும்."

அப்புறம் அவர் செய்ததைப் பார்த்து நான் சிரித்தேன். ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை அம்மாவின் இடத்தில் வைத்துப் பாடவிட்டு, அறை முழுக்கக் குழந்தை மாதிரி தவழ்ந்தார். பெட்டி இங்கே இருந்து அங்கே தெளிவாகக் கேட்டால், அங்கே வைத்தாலும் இங்கே அப்படியே கேட்கும் என்பது அவர் கணக்கு. அடி தெளிவாகக் கேட்ட இரண்டு இடங்களில் சாக்பீஸால் குறியிட்டு, பெட்டிகளை அங்கே மாற்றினார். ஒன்று அடுப்படி வாசலைப் பாதி மறித்தது. அண்ணி பொங்கல் பானையோடு ஒருக்களித்து நுழைந்து போனார்.

சாயங்காலம் அம்மா சுவரில் சாய்ந்தார். தவில் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. பிறகு நின்றன.

"அவன்தாம்ல" என்றார். சற்றுப் பொறுத்து, "நிப்பாட்டு" என்றார்.

அண்ணன் நிறுத்திவிட்டு, போய் அம்மா பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டார். எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது.

நான் அம்மாவைச் செவிடு என்றதை அண்ணன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். யாராவது சரியில்லை என்றால், வாயைத் திறக்குமுன் அவர்கள் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். பெரும்பாலும் அவர்கள் சொன்னதுதான் சரியாக இருக்கிறது, அண்ணே.